மாமா குடியரசுக் கட்சி. காலநிலை மாற்றத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

அமெரிக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் காலநிலை மாற்றத்தைப் பற்றி வீட்டிலோ நண்பர்களிடமோ எப்போதாவதுதான் பேசுகிறார்கள், அல்லது பேசுவதே இல்லை. யேல், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பல வருடங்களாக எடுத்துவரும் கருத்துக்கணிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு இது. அக்கறை இல்லாததால் மட்டும் வந்த மௌனம் அல்ல. பேச்சை எடுத்தால் விருந்து கெட்டுப்போகும் என்ற பயம் பலருக்கு.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ போய்க் குடியேறியவருக்கு இது முதலில் பிடிபடாது. தமிழ்நாட்டில் திமுகவும் அதிமுகவும் ஆயிரம் விஷயத்துக்கு அடித்துக்கொள்ளும். பூமி சூடாகிறதா இல்லையா என்று அடித்துக்கொண்டதில்லை. அமெரிக்காவில் ஒருவர் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலை வைத்தே அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

குடியரசுக் கட்சிக்காரர் என்றால் சந்தேகம் அதிகம், ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் கவலை அதிகம். எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970இல் உருவாக்கியவர் குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன். அமில மழையைக் குறைக்க, கந்தக டை ஆக்சைடுக்கு உச்சவரம்பு வைத்து அதன் உரிமங்களைச் சந்தையில் வாங்கி விற்கச் செய்த 1990ஆம் வருடச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் மூத்த புஷ். ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் 1992இல் அமெரிக்கா சார்பில் கையெழுத்திட்டவரும் அவரே. 2008இல் குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, இந்த விஷயத்தில் நாங்கள் ஒன்று என்று விளம்பரத்தில் தோன்றினார்கள். இரண்டே வருடத்தில் காற்று திசை மாறியது. தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி எம்.பி. பாப் இங்லிஸ், காலநிலை மாற்றம் உண்மை என்று சொல்லிக் கார்பன் வரி கேட்டவர், 2010இல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே படுதோல்வி அடைந்தார். அது மட்டுமே காரணம் இல்லை, வங்கிகளை மீட்கும் மசோதாவுக்கு வாக்களித்ததும் அவருக்கு வினையானது. ஆனால் மற்ற எம்.பி.க்கள் படித்த பாடம் என்னவோ முதல் விஷயத்தைத்தான்.

அந்த இங்லிஸ் மனம் மாறிய விதத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்னால் அவரும் மறுத்துக்கொண்டிருந்தவர்தான். 2004இல் மீண்டும் போட்டியிட்டபோது, அப்போதுதான் வாக்களிக்கும் வயதை எட்டிய அவருடைய மகன், உங்களுக்கு வாக்களிக்கிறேன், ஆனால் சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் திருந்த வேண்டும் என்று சொன்னான். அண்டார்டிகாவின் பனிச் சான்றுகளை அவர் நேரில் பார்த்தது அதற்குப் பிறகுதான். வரைபடங்களும் அறிக்கைகளும் அதுவரை அவர் கைக்கு எட்டாதவையா என்ன? எட்டியவைதான். காது கொடுக்க வைத்தது மகன்.

எதிரே இருப்பவர் யார்?

யேல் ஆய்வாளர்கள் 2008 முதல் அமெரிக்கர்களை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்: பதறுபவர்கள், கவலைப்படுபவர்கள், இன்னும் யோசிப்பவர்கள், கண்டுகொள்ளாதவர்கள், சந்தேகிப்பவர்கள், அடியோடு மறுப்பவர்கள். கடைசி வகை பத்தில் ஒருவர் அளவுதான். சத்தம் பெரிது என்பதால் எண்ணிக்கையும் பெரிது என்று தோன்றும். உங்கள் மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, சம்பந்தி வீட்டாரோ குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்பதாலேயே அவரை அந்தப் பத்தில் ஒருவராக எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் யோசிப்பவராகவோ சந்தேகிப்பவராகவோ இருப்பார். அடியோடு மறுப்பவர்தான் என்று தெரிந்துவிட்டால், அவரிடம் கிரிக்கெட்டோ பேரப்பிள்ளைகளையோ பற்றிப் பேசுங்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல அறிவியலாளர் கேத்தரின் ஹேஹோ சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அவர் சுவிசேஷக் கிறிஸ்தவர், கணவர் போதகர், வாழ்வது மேற்கு டெக்சாஸின் லபக் நகரத்தில். பழமைவாதிகளிடம் பேசுவதில் அவரைவிட அனுபவம் உள்ள அறிவியலாளர்கள் குறைவு.

ஏன் தரவுகள் போதவில்லை?

தெரியாததால் மறுக்கிறார்கள், தெரிவித்தால் சரியாகிவிடும் என்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தப்புக்கணக்கு. யேல் பேராசிரியர் டான் கஹானின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. அறிவியல் அறிவும் கணக்குத் திறமையும் கூடக்கூட இரு தரப்புக்கும் இடையிலான தூரம் குறையவில்லை, கூடியது. படித்தவர் தன் கூட்டத்தின் நிலைப்பாட்டைக் காக்க இன்னும் நல்ல வாதங்களைத் தேடிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு நேரடியாக உதவும். டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், கே என்ற இருவர் 2014இல் வெளியிட்டது. வெப்பநிலை உயரும் என்ற ஒரே அறிவியல் கூற்றைக் குடியரசுக் கட்சியினரிடம் கொடுத்தார்கள். தீர்வாக அரசுக் கட்டுப்பாடும் கார்பன் வரியும் சொல்லப்பட்டபோது 22 சதவீதம் பேர்தான் அந்தக் கூற்றை ஏற்றார்கள். தீர்வாகத் தடையற்ற சந்தையும் புதிய தொழில்நுட்பமும் சொல்லப்பட்டபோது 55 சதவீதம் பேர் ஏற்றார்கள். அறிவியல் ஒன்றுதான், மருந்துச் சீட்டுதான் வேறு. மருந்து கசந்தால் நோயே இல்லை என்கிறார்கள்.

ஆகவே மாமா "இதெல்லாம் டூப்பு" என்று சொல்லும்போது அவர் வெப்பமானியோடு சண்டை போடவில்லை. பெட்ரோல் விலை, வரி, என் வண்டியை நீ பிடுங்குவாயா, வாஷிங்டனில் இருப்பவன் எனக்கு உத்தரவு போடுவானா என்பவற்றோடுதான் சண்டை. "நடக்கிறதா?" என்ற கேள்வியையும் "என்ன செய்யலாம்?" என்ற கேள்வியையும் தனித்தனியாக எடுத்து வைத்தாலே பாதிச் சூடு இறங்கிவிடும். இரண்டாவது கேள்வியில் அவர் உங்களோடு முழுமனதாக மாறுபடலாம், அது அவர் உரிமை என்பதை வெளிப்படையாகச் சொல்லியும்விடுங்கள்.

பேச்சைத் தொடங்குவது

முதல் பத்து நிமிடம் உங்கள் வேலை கேட்பது. அவர் எதை நேசிக்கிறார், அது எப்படி மாறியிருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். வடகிழக்கு மாநிலங்களான மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் பக்கத்து வேட்டைக்காரரென்றால் மூஸ் மான்கள்: குளிர்காலம் சுருங்கியதால் உண்ணிகள் பெருகி, ஒரே மானில் பல்லாயிரக்கணக்கில் ஏறி, கன்றுகள் ரத்தமிழந்து சாகின்றன. இதை அவர் உங்களைவிட நன்றாக அறிவார், அவரே சொல்லட்டும். கடற்படையிலோ ராணுவத்திலோ இருந்தவர் என்றால் வர்ஜீனியாவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் ஏறிவரும் நீர். தேவாலயம் போகிறவரிடம், நீங்களும் அதே விசுவாசம் உள்ளவராக இருந்தால் மட்டும், ஆதியாகமத்தில் தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" மனிதன் வைக்கப்பட்ட வசனம் வரை போகலாம். அந்த விசுவாசம் இல்லாதவர் வசனம் எடுத்துப் பேசினால் அது விற்பனைப் பேச்சாகவே ஒலிக்கும்.

தோட்டக்காரர் என்றால் வழி இன்னும் எளிது. நாட்டைக் குளிரின் அளவுப்படி மண்டலங்களாகப் பிரித்து, எந்தச் செடி எந்தப் பகுதியின் குளிரைத் தாங்கும் என்று காட்டும் வரைபடத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை 2023இல் புதுப்பித்தது. நாட்டின் பாதி இடங்கள் அரை மண்டலம் வெப்பமான பக்கத்துக்கு நகர்ந்திருக்கின்றன. ஆனால் இதை ஆதாரமாக மேசையில் அடிக்காதீர்கள். இந்த முறை அதிக வானிலை நிலையங்களின் தரவைச் சேர்த்திருப்பதாலும் மாற்றம் வரும், இதைக் காலநிலை மாற்றத்துக்கு நேரடிச் சான்றாகக் கொள்ள முடியாது என்று துறையே சொல்கிறது. பேச்சைத் திறக்க உதவும், அந்த அளவுக்குத்தான்.

டாலஸ் அருகே ஃபிரிஸ்கோவில் நெடுங்காலமாக இருக்கும் ஒரு மாமாவிடம் அக்கா மகள் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"மாமா, கறிவேப்பிலைத் தொட்டியை இப்பல்லாம் எப்ப உள்ள எடுத்து வைக்கிறீங்க?"

"முன்னெல்லாம் தீபாவளி முடிஞ்ச கையோட கராஜுக்குள்ள வந்துடும். இப்ப நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் வெளியிலதான் நிக்குது. குளிர் லேட்டாத்தான் வருது. ஆனா 2021 பிப்ரவரி உறைபனியில பாரு, அத்தனையும் கருகிப்போச்சு. இதுல பூமி சூடாகுதுங்கறானுங்க!"

"அந்த வாரம் கொடுமைதான். உங்களுக்கு எத்தனை நாள் கரண்ட் இல்ல?"

"மூணு நாள்மா. உங்க அத்தை ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தா. எல்லாம் அந்தக் காத்தாடிய நம்புனதுனாலதான்."

"காத்தாடியும் உறைஞ்சதுதான் மாமா, இல்லைன்னு சொல்லல. ஆனா அன்னைக்கு அதிகமா நின்னுபோனது கேஸ் பிளான்ட். கிணத்துலேருந்து வர்ற கேஸே உறைஞ்சுபோச்சு. எதுவா இருந்தாலும் குளிருக்குத் தயார் பண்ணி வைக்கல. நீங்க பேட்டரி போடணும்னு சொல்லிட்டிருந்தீங்களே, என்ன ஆச்சு?"

உறைபனியை வைத்து அவர் வீசிய வாதத்தை அவள் அங்கேயே பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டவில்லை. முதலில் அந்த மூன்று நாளைக் கேட்டாள். அவர் சொன்னதில் உண்மை இருக்கும் பாதியை ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு தகவலைத் திருத்தினாள், அதுவும் இரண்டு வாக்கியத்தில். பிறகு அவருக்கே ஆர்வம் உள்ள பேட்டரிக்குப் போய்விட்டாள். குளிர் தாமதமாக வருகிறது என்று மாமா தன் வாயாலேயே சொல்லிவிட்டார், அதைப் பிடித்து "பாத்தீங்களா!" என்று அவள் சொல்லியிருந்தால் அத்தனையும் வீண். அடுத்த நவம்பரில் தொட்டியைப் பார்க்கும்போது அவருக்கே ஞாபகம் வரட்டும்.

எந்த உதாரணம் நிற்கும், எது சறுக்கும்?

பலர் கோட்டைவிடும் இடம் இது. எல்லா வானிலைச் சேதத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதினால், எதிரே இருப்பவர் ஒன்றைத் தவறென்று காட்டி மொத்தத்தையும் தள்ளிவிடுவார். வெப்ப அலைகளுக்கான சான்று மிக வலுவானது. கனமழைக்கும் வலுவானது: காற்று ஒரு செல்சியஸ் டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். 2017இல் ஹார்வி புயல் டெக்சாஸில் நெடர்லாண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அந்த மழையில் 15 சதவீத அளவு வெப்பமாதல் கூட்டியது என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது, வேறு சில ஆய்வுகள் இன்னும் அதிகமாகச் சொல்லின. "ஹார்வியைக் கொண்டுவந்ததே காலநிலை மாற்றம்" என்பது தப்பு. "வந்த ஹார்வியை இன்னும் ஈரமாக்கியது" என்பது சரி.

சூறாவளிச் சுழலான டொர்னேடோவுக்கும் ஆலங்கட்டி மழைக்கும் சான்று பலவீனம். டாலஸ் பக்கம் வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியம் ஏறியதைச் சொல்லித் தொடங்கலாம் என்று தோன்றும், எல்லோருக்கும் வயிற்றெரிச்சல் உள்ள விஷயமாயிற்றே. ஆனால் அங்கே பிரீமியத்தை ஏற்றுவதில் பெரும்பங்கு கூரைகளை உடைக்கும் ஆலங்கட்டிக்கும், புது வீடுகள் பெருகியதற்கும், கட்டுமானச் செலவுக்கும். மாமா காப்பீட்டுத் துறையில் இருந்தவரென்றால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது.

ஒற்றை வருடச் சாதனைகளும் அப்படித்தான். டாலஸில் 2011 கோடையில் வெப்பம் 100 ஃபாரன்ஹீட்டைத் தொட்டுத் தாண்டிய நாட்கள் 71. "1980ல என்ன ஆச்சு தெரியுமா? 69 நாள்!" என்று யாராவது சொல்வார், சொல்வது உண்மையும்கூட. ஒரு வருடத்தோடு இன்னொரு வருடத்தை மோதவிடாமல், பல பத்தாண்டுச் சராசரியைப் பேசுங்கள். ஓர் அற்ப விஷயம் போலத் தோன்றும், ஆனால் முக்கியம்: ஃபாரன்ஹீட்டில் பேசுங்கள். "ஒன்றரை டிகிரி" என்றால் அமெரிக்கர் காதுக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அது அவர் கணக்கில் 2.7 டிகிரி.

வழக்கமாக வரும் மறுப்புகள் நான்கைந்துதான். "காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது" என்றால், ஆமாம், அப்போதெல்லாம் அதற்குக் காரணம் இருந்தது, இப்போதைய காரணம் என்ன என்று சேர்ந்து பார்ப்போமா என்று கேளுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். "சூரியன்தான் காரணம்" என்பதற்கு ஒரே பதில் போதும்: சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலே ஸ்ட்ராடோஸ்பியர் குளிர்கிறது. இந்தக் கைரேகை சூரியனுடையதல்ல. "சீனா?" என்று வந்தால் மழுப்ப வேண்டாம். இன்று உலகிலேயே அதிகம் வெளியிடுவது சீனாதான், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதுவரை சேர்ந்த மொத்தத்தில் முதலிடம் அமெரிக்காவுக்கு. அதோடு, உலகச் சூரியத் தகடு உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனா கையில் இருப்பதையும் சொல்லுங்கள். அமெரிக்கா பின்தங்கக் கூடாது என்று நினைப்பவருக்கு அது உறைக்கும். காலநிலைக்காகப் பிரச்சாரம் செய்யும் முன்னாள் துணை அதிபர் அல் கோரின் விமானம், அவர் வீட்டு மின்கட்டணம் பற்றி வந்தால் சிரித்துவிட்டு விட்டுக்கொடுங்கள். அல் கோரைக் காப்பாற்றுவது உங்கள் வேலை அல்ல.

திருத்தினால் பிடிவாதம் கூடும், எனவே திருத்தவே கூடாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2010இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. பின்னால் பெரிய அளவில் சோதித்தபோது அப்படி நடப்பது அபூர்வம் என்று தெரிந்தது. திருத்தலாம். உண்மையில் தொடங்கி, தவறான செய்தியை ஒருமுறை மட்டும் தொட்டு, அது ஏன் தவறு என்று சொல்லி, உண்மையிலேயே முடியுங்கள். புரளியை நான்கு தடவை எடுத்துச் சொல்லி மறுத்தால் மனதில் நிற்பது அந்தப் புரளியாகவும் இருக்கலாம்.

அவருக்குப் பிடித்த தீர்வுகள்

டெக்சாஸ்காரரிடம் பேச டெக்சாஸை விட நல்ல பாடம் வேறில்லை. ஆளுநராக இருந்த இளைய புஷ் 1999இல் கையெழுத்திட்ட சட்டம் மாநிலத்துக்குப் புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்கை வைத்தது. அடுத்து வந்த ரிக் பெர்ரி காலத்தில், காற்று அடிக்கும் மேற்கையும் மக்கள் வாழும் கிழக்கையும் இணைக்கச் சுமார் 3,600 மைல் மின்தடங்கள் போடத் திட்டமாகி, ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவில் முடிந்தன. இன்று டெக்சாஸ் மின்கட்டமைப்பில் நான்கில் ஒரு பங்கு அளவு காற்றிலிருந்து வருகிறது, காற்று மின்சாரத்தின் மொத்த அளவில் அமெரிக்காவில் முதலிடம். பங்கு என்று பார்த்தால் அயோவா மாநிலத்தில் பாதிக்கும் மேல். நிலத்தில் காற்றாலை நிற்க இடம் கொடுத்த பண்ணையாருக்கு மழை பெய்தாலும் பொய்த்தாலும் குத்தகைப் பணம் வருகிறது. இவற்றில் எதையும் இடதுசாரிகள் செய்ததாகச் சொல்ல முடியாது.

அணுமின்சாரம் பற்றி அவர் பேசினால் முகம் சுளிக்காதீர்கள், அதுவும் கார்பன் குறைந்த மின்சாரமே. ஜேம்ஸ் பேக்கர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என்ற இரு குடியரசுக் கட்சி மூத்தவர்கள் 2017இல் முன்வைத்த யோசனையும் உண்டு: கார்பனுக்கு டன்னுக்கு 40 டாலரில் தொடங்கிக் கட்டணம் வாங்கி, வந்த பணத்தை அரசு வைத்துக்கொள்ளாமல் குடும்பங்களுக்கே பங்கிட்டுக் கொடுப்பது. "அரசாங்கம் பெருக்கும்" என்ற பயத்துக்கு நேர்பதில் அது.

வெற்றிக் கதைகளை மட்டும் அடுக்காதீர்கள். ஜார்ஜ்டவுன் என்ற டெக்சாஸ் நகரம் குடியரசுக் கட்சி மேயரின் கீழ் முழுக்கக் காற்று, சூரிய மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டுப் புகழ்பெற்றது. தேவைக்கு மேல் நீண்டகாலத்துக்கு வாங்கிவிட்டு, எரிவாயு விலை விழுந்ததும் உபரியை நஷ்டத்துக்கு விற்க நேர்ந்து, 2018இல் மட்டும் 70 லட்சம் டாலர் அளவுக்குக் கையைச் சுட்டுக்கொண்டது. மாமாவுக்கு இது தெரிந்திருக்கும். நீங்களே முதலில் சொல்லிவிட்டால், நீங்கள் விளம்பரத்துக்கு வரவில்லை என்று அவருக்குப் புரியும். வீட்டுக்கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 30 சதவீத வரிச் சலுகை உண்டு என்று பழைய நினைப்பில் சொல்லிவிடாதீர்கள். 2025 சட்டம் அந்த வருட இறுதியோடு அதை முடித்துவிட்டது. சலுகை இல்லாமலும் கணக்கு கட்டுமா என்பதை அவருடைய மின்கட்டண ரசீதை வைத்துக்கொண்டு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள்

குழந்தைகளுக்கு ஒரு தனி இடம் உண்டு. வட கரோலினாவின் கடலோர மாவட்டங்களில் 10 முதல் 14 வயது மாணவர்களுக்குக் காலநிலைப் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகள் பெற்றோரிடம், உள்ளூர் வானிலை எப்படி மாறியிருக்கிறது என்று பேட்டி எடுத்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி பெற்றோரின் கவலை கூடியது. அதிகம் கூடியது பழமைவாதப் பெற்றோரிடமும் அப்பாக்களிடமும். மகன்களைவிட மகள்கள் கேட்டபோது பலன் அதிகம். பிள்ளையைத் தூதனுப்பி வாதாடச் சொல்வதல்ல இது. தாத்தாவிடம் போய், நீங்கள் சின்ன வயதில் இருந்தபோது மழை எப்படி இருந்தது என்று பிள்ளை நிஜமான ஆர்வத்தோடு கேட்பது.

தேங்க்ஸ்கிவிங் விருந்து மேசையில் பத்துப் பேர் முன்னால் ஆரம்பிக்காதீர்கள். பார்வையாளர்கள் இருந்தால் யாரும் இறங்கிவர மாட்டார்கள், நீங்களும்தான். கார் ஓட்டும்போது, தோட்டத்தில், பாத்திரம் கழுவும்போது இருவராகப் பேசுங்கள். அரை மணிக்கு மேல் இழுக்க வேண்டாம். குரல் ஏறியதும், அல்லது ஒரே வாதம் மூன்றாம் முறை வந்ததும், "சரி மாமா, இதை இன்னொரு நாள் பேசுவோம், காபி போடட்டுமா?" என்று நிறுத்திவிடுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திமிங்கிலங்களைக் காற்றாலை கொல்கிறது என்ற வகை ஃபார்வேர்டு வந்தால் அங்கேயே பதில் போட வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, "மாமா, அது எங்கேயிருந்து வந்துச்சு? நான் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். பார்த்துவிட்டு, அதில் ஏதாவது சரியாக இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.